பிரிட்ஜுக்கு மின்னணு ஸ்டெபிலைசர் நானே வடிவமைக்கலாமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் பக்கம் இருக்கிறார். மாலையில் வீட்டு மின்னழுத்தம் 170 வோல்ட் வரை இறங்குகிறது, பிரிட்ஜைக் காப்பாற்ற ஒரு ஸ்டெபிலைசரைத் தானே வடிவமைக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி.

தாராளமாக முடியும். ஆனால் 170-ஐ 230 ஆக்குவது எப்படி என்ற இடத்தில் தொடங்காதீர்கள். எப்போது மின்சாரத்தை வெட்டுவது, வெட்டியதை எப்போது திரும்பக் கொடுப்பது என்பதை முதலில் வடிவமையுங்கள். பிரிட்ஜின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மோட்டரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 170 வோல்ட்டில் அது 230-இல் கிடைப்பதில் 55 சதவீதம்தான். கம்ப்ரசர் சுழலத் தொடங்க முடியாமல் உறுமும், சில விநாடிகளில் பின்புறத்தில் 'டிக்' என்று காப்புச்சாவி விழும், ஆறியதும் மறுபடி உறுமும். இப்படி ஒரு மாலை முழுவதும் நடந்தால் சுருள் வெந்துவிடும். யாழ்ப்பாணத்தில் மோட்டர் சுற்றும் கடைகளுக்கு வேலை குறையாததற்கு இதுவும் ஒரு காரணம். கிணற்று மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்ச் சுருளை மாற்றிவிடலாம். அடைத்து ஒட்டப்பட்ட கம்ப்ரசரில் அது நடக்காது.

கரன்ட் போய் உடனே திரும்பி வருவதும் இதே அளவு கெடுதல். உள்ளே வாயு அழுத்தம் சமப்படுவதற்குள் கம்ப்ரசர் கிளம்பப் பார்த்துத் திணறும். ஆகவே மின்சாரம் வந்தபின் 3 நிமிடம் காத்திருக்கும் டைமர் கட்டாயம் வேண்டும்.

இனி மின்னழுத்தப் படிகள். இலங்கையில் சட்டப்படியான அளவு 230 வோல்ட், 6 சதவீதம் கூடவோ குறையவோ வரலாம். பிரிட்ஜுக்கு 207 முதல் 253 வரை போதும். இந்தத் தளர்வை ஏற்றுக்கொண்டால் மூன்று நிலைகளிலேயே வேலை முடிந்துவிடும். 207-க்கு மேல் நேர்வழி. 180 முதல் 207 வரை, ஒரு மின்மாற்றியின் 40 வோல்ட் சுருளை (230 வரும்போது 40 தருவது) தொடரில் சேர்க்க வேண்டும். 155 முதல் 180 வரை 80 வோல்ட். 155-க்குக் கீழேயும் 253-க்கு மேலேயும் வெட்டு. சுருள் உள்வரும் மின்சாரத்திலேயே இயங்குவதால், 170 வரும்போது 80 வோல்ட் சுருள் ஏறத்தாழ 59 வோல்ட்தான் தரும். வெளியே 229 கிடைக்கும்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் சிக்கனம். மின்மாற்றி முழுச் சுமையையும் தாங்குவதில்லை, கூட்டும் பகுதியை மட்டுமே தாங்குகிறது. 3 அம்பியர் ஓடினாலும் 80 வோல்ட்டுக்கு 240 வோல்ட்அம்பியர் மின்மாற்றி போதும். புறப்படும்போது மோட்டர் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால், கம்பியையும், சுருள்களை மாற்றிவிடும் ரிலேயையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மட்டும் தாராளமாக எடுங்கள்.

மின்னழுத்தத்தை அளந்து ரிலேயை இயக்கும் உணர்சுற்றுக்கு எல்எம்324 என்ற சில்லு போதும், ஒப்பிட டிஎல்431 என்ற சில்லு தரும் மாறாத 2.5 வோல்ட். இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ரிலேக்கான மின்வழங்கல். 155 வோல்ட்டிலும் 12 வோல்ட் சீராக்கிக்குப் போதிய அழுத்தம் இருக்க வேண்டும். அதனால் 230-இல் சுமார் 22 வோல்ட் நேர்மின்சாரம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தேவையான நேரத்தில்தான் ரிலே கைவிடும்.

கிணற்று மோட்டர் போடும்போது விளக்கு ஒருகணம் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணத்துக்கு ரிலே துள்ளக் கூடாது. ஒரு விநாடி சராசரி எடுக்கும் மின்தேக்கியும், 207-இல் இறங்கினால் 213-இல்தான் திரும்புவது போன்ற 6 வோல்ட் இடைவெளியும் வையுங்கள். உள்வரும் மின்னழுத்தத்தையே உணருங்கள். வெளிவருவதை உணர்ந்தால் படி மாறியதும் அளவு மாறி, ரிலே முன்னும் பின்னுமாகத் தாவும். ஒரு ரிலேயின் பொதுமுனை அடுத்ததின் தொடுமுனைக்குப் போகும் சங்கிலியாக இணைத்தால், இரண்டு சுருள்முனைகள் ஒருபோதும் குறுக்கே தொட்டுக்கொள்ள மாட்டா.

மழைக்காலக் காற்றில் பனை மட்டையோ தென்னோலையோ விழுந்து தெரு லைனின் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், ஒற்றைப் பேஸ் வீட்டுக்குள்ளும் 400 வோல்ட்டை நெருங்கி வரலாம். உங்கள் வெட்டுச் சுற்று அதையும் தாங்கி நிற்க வேண்டும். அதிக மின்னழுத்தத்தை உறிஞ்சும் வேரிஸ்டர் வைத்தால் அதற்கு முன்னால் ஃபியூஸ் இருக்கட்டும். தொடர்ந்து 400 வந்தால் வேரிஸ்டர் தீப்பற்றக்கூடும்.

இன்றைய டிவி, மடிக்கணினி போன்றவை பெரும்பாலும் 100 முதல் 240 வரை தாமே சமாளிப்பவை. அவற்றுக்கு இது தேவையில்லை. ரிலேக்குப் பதில் மோட்டரைச் சுழற்றி அழுத்தத்தைச் சரிசெய்யும் சேர்வோ வகை ஸ்டெபிலைசர் துல்லியமானது, ஆனால் அதன் கார்பன் தொடுமுனை தேயும், மாற்றத்துக்கு மெதுவாகத்தான் ஈடுகொடுக்கும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். 170-இல் 2 அம்பியர் கொடுக்க உங்கள் பெட்டி லைனிலிருந்து சுமார் 2.7 அம்பியர் இழுக்கும். ஒரே லைனில் பல வீடுகள் இப்படிச் செய்தால் கடைசிக் கம்பத்து வீட்டுக்கு இன்னும் குறையும். அதனால் குறைந்த அழுத்தத்தை நாள் நேரத்தோடு குறித்துவைத்து எழுத்தில் முறையிடுவதும் அவசியம்.

பெட்டியை முடித்ததும் பிரிட்ஜில் மாட்டிவிடாதீர்கள். வேரியாக்கில் (மின்னழுத்தத்தை விரும்பியபடி ஏற்றி இறக்கும் மின்மாற்றி) 140 முதல் 270 வரை மெதுவாக ஏற்றி இறக்கி, 100 வாட் குண்டு பல்பைச் சுமையாக வைத்து, ஒவ்வொரு ரிலேயும் விழும் அளவை மீட்டரில் பாருங்கள். மூடி திறந்திருக்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இன்னொருவர் நிற்கட்டும்.