ஸ்டாரும் போனும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு குழந்தைகள் இல்லத்தில் காப்பாளர். முப்பது பையன்கள். பாய் சுருட்டினால், சண்டை போடாமல் இருந்தால் ஸ்டார் ஒட்டுகிறோம். வாரம் இருபது ஸ்டார் சேர்த்தவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு போன் பேசலாம். இரண்டு மாதம் நன்றாகப் போனது. இப்போது "எத்தனை ஸ்டார் சார்?" என்று கேட்காமல் ஒருவனும் துடைப்பத்தைத் தொடுவதில்லை. தப்பு செய்தால் ஒட்டியதைப் பிடுங்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முப்பது பையன்களை வைத்துக்கொண்டு, கை ஓங்காமல் ஒரு வழி தேடியிருக்கிறீர்கள். அதற்கே உங்களைக் கும்பிடலாம்.

துடைப்பக் கவலையை விடுங்கள். 1973இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. வரையப் பிடித்த குழந்தைகளிடம், தங்க நட்சத்திரம் பதித்த சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு அவர்களுக்கு வரைவதில் ஆர்வம் குறைந்துபோனது. இதைக் காட்டி ஸ்டாரே கூடாது என்பார்கள். பெருக்குவதை எந்தப் பையன் ஆசைப்பட்டுச் செய்தான், ஆசை குறைவதற்கு?

அதே அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊரில் 1967இல் 'அச்சீவ்மென்ட் பிளேஸ்' என்ற இல்லம் தொடங்கியது. பாத்திரம் கழுவினால், செய்தித்தாள் படித்தால் புள்ளி. வாய்ச்சண்டைக்கு அபராதம். புள்ளிக்கு டிவி, சைக்கிள், தின்பண்டம். ஆக, பிடுங்குவதும் அங்கே உண்டு. ஆனால் ஒரு கணவனும் மனைவியும் அதே வீட்டில் அந்தச் சில பையன்களோடு குடியிருந்தார்கள். தேறியவனுக்குப் புள்ளிக் கணக்கே கிடையாது. நாம் புள்ளி போடும் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சரி, அதெல்லாம் கிடக்கட்டும். போனை எதற்குப் பரிசாக்கினீர்கள்? டிவி பரிசு. பரோட்டா பரிசு. அம்மா குரல் எப்படி ஐயா பரிசாகும்? இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷைர் இல்லங்களில் 1983 முதல் 1989 வரை 'பின்டவுன்' என்று ஒரு முறை இருந்தது. பிள்ளையை இரவு உடையோடு வெற்று அறையில் வைத்து, பிறரோடு பேசுவதைக்கூடச் சலுகையாக்கினார்கள். 1991இல் விசாரணை அறிக்கை வந்து அதைக் கடுமையாகக் கண்டித்தது. நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை, தெரியும். ஆனால் பிள்ளைக்கு உரியதை வாங்கி வைத்துக்கொண்டு, அதையே பரிசு என்று திருப்பித் தருகிறீர்களே.

நான் ஏழாவது படித்த விடுதியில் 'நல்ல பையன்' பட்டியலில் இருப்பவனுக்குத்தான் சனிக்கிழமை இன்லண்ட் லெட்டர். நான் பாயை நனைப்பவன். பட்டியலில் எப்படி வருவேன்? ஐந்து வாரம் வீட்டுக்குக் கடிதம் போகவில்லை. அம்மா பயந்துபோய், இரண்டு பஸ் மாறி, முறுக்கு டின்னோடு வந்து நின்றாள். "ஒரு வரி எழுத முடியாதாடா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் திட்டினாள். காரணம் சொன்னால் பாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறந்துவிட்டேன் என்றேன். வார்டன் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

உங்கள் முப்பது பேரில் பாய் நனைப்பவன் எவன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் எத்தனை ஞாயிறாகப் பேசவில்லை என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.