துணிக்கொடியில் ஒரு தேன்சிட்டுக் கூடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் பணி ஓய்வு பெற்றதும் மகன் ஒரு கேமராவும் 70-300 லென்ஸும் வாங்கித் தந்தான். முழங்கால் வலியால் வெளியே அதிகம் போக முடிவதில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் வாழை, முருங்கை, செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாம் உண்டு. அங்கே வருகிற பறவைகளைத்தான் படம் எடுக்கிறேன். இப்போது தாழ்வாரத்தை ஒட்டிய துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டிக் குஞ்சும் பொரித்திருக்கிறது. ஒரு நந்தியாவட்டைக் கிளை அதை மறைக்கிறது. கிளையை வெட்டிவிட்டு ஃபிளாஷ் போட்டு எடுங்கள் என்கிறார் நண்பர் ஒருவர். போனில் தேன்சிட்டின் குரலை ஒலிக்கவிட்டால் ஆண் உடனே வரும் என்றும் சொன்னார். செய்து பார்த்தேன், வந்தது. என் மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? இன்னொன்று: ஆண் தேன்சிட்டு என் படங்களில் வெறும் கறுப்பாகவே விழுகிறது. பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா?

ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி பக்கம்தான் நான். கிளையை வெட்டாதீர்கள். குஞ்சுகள் பறந்து போகிற வரைக்கும் அந்தக் கூட்டின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

தேன்சிட்டு தன் கூட்டை எப்படி ஒளிக்கிறது என்று பாருங்கள். சிலந்தி நூலால் பின்னி, வெளியே பட்டைத் துணுக்கு, காய்ந்த இலை, புழுவின் எச்சம் என்று எதையெல்லாமோ ஒட்டி, காற்றில் வந்து சிக்கிய குப்பை என்று நினைக்கும்படி செய்துவிடுகிறது. அதற்கு மேல் கூடுதல் காவலாக இருப்பது உங்கள் நந்தியாவட்டைக் கிளை. காகம், வால்காக்கை, செண்பகம் எல்லாமே குஞ்சு கிடைத்தால் விடாது. அதிலும் காகம் மனிதர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிற பறவை. நாம் ஒரே இடத்தில் போய்ப் போய் நின்றால், அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க அதுவும் வரும். கிளை போனால் வெயிலும் நேராக விழும். இறகு முளைக்காத குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரியாது. கொஞ்சம் வளர்ந்த குஞ்சாக இருந்தால் வேறு ஆபத்து: மிரண்டுபோய், பறக்கும் பலம் வருவதற்கு முன்பே கூட்டிலிருந்து குதித்துவிடும். அப்புறம் அது பூனைக்குத்தான்.

தாய் வாயில் பூச்சியோடு பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து விடாமல் கத்துகிறதென்றால், நீங்கள் எப்போது நகர்வீர்கள் என்று காத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரமெல்லாம் குஞ்சுகள் பட்டினி. இப்படி எடுத்த படங்கள்தான் ‘தாய்ப்பாசம்’ என்ற தலைப்போடு நிறையச் சுற்றுகின்றன. எனக்கு அவற்றைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்றே கணக்கில் எடுக்கிறது. இதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

குரலை ஒலிக்கவிடுவதையும் இத்தோடு விட்டுவிடுங்கள். ஆண் தேன்சிட்டு ஓடி வந்தது தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டதென்று நினைத்து. கார்க் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடேயே மணிக்கணக்கில் சண்டை போடுகிற பறவை அது. குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேட வைக்க வேண்டுமா?

சரி, படத்துக்கு என்ன வழி? குஞ்சுகள் பொரித்ததிலிருந்து பறக்க இரண்டு வாரமோ அதற்குக் கொஞ்சம் மேலோ ஆகும். அதுவரை துணியை வேறு கொடியில் காயப்போடுங்கள். கேமராவைக் கொல்லையின் மறுகோடிக்குக் கொண்டுபோங்கள். உங்களிடம் வாழை இருக்கிறது என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. தேன்சிட்டு மற்ற பறவைகளைப் போலத் தண்ணீர்ச் சட்டியில் இறங்கிக் குளிப்பது குறைவு. நனைந்த இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கத்தான் அதற்குப் பிடிக்கும். காலையில் தண்ணீர் விடும்போது வாழை இலை மேலும் செம்பருத்தி மேலும் தூறல் மாதிரித் தெளித்துவிட்டு, விலகிப் போய் உட்காருங்கள். முதல் சில நாட்கள் ஒன்றும் வராமல் போகலாம். அந்த இடம் ஈரமாக இருக்கும் என்று பழகிவிட்டால் தினமும் வரும். இலை நரம்பில் சறுக்கி, சிறகை விரித்து, தலையை இலையில் தேய்த்து அது குளிக்கிற அழகை நீங்கள் எடுக்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். காட்டுக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. அவர்கள் போன அன்று பறவை வந்தால் உண்டு. உங்களுக்கு நாளைக்கும் அதே வாழை, அதே பறவை.

கறுப்பாக விழுவதற்கு வருகிறேன். உடம்பு முழுக்கக் கறுப்பு என்கிறீர்கள், அப்படியென்றால் அது ஊதாத் தேன்சிட்டு. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆணுக்கு வயிறு மஞ்சளாக இருக்கும். ஊதாத் தேன்சிட்டின் மினுமினுப்பு சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாவது. அதனால் கோணம் சரியாக இருந்தால்தான் நீலமும் ஊதாவும் எரியும், மற்ற நேரம் கரிதான். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். காலையில் நீங்கள் கிழக்கிலும் பறவை மேற்கிலும் இருக்கிற மாதிரி இடம் பாருங்கள். எட்டரை மணிக்கு மேல் நம் ஊர் வெயில் கடுமையாகிவிடும். அது தலையைத் திருப்பும் கணத்தில்தான் நிறம் வரும் என்பதால், ஷட்டரை 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்துத் தொடர்ச்சியாக எடுங்கள். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணரும் திறன்) 800, 1600 என்று ஏறினாலும் பரவாயில்லை. படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் இதே ஆண் பெட்டையைப் போல மங்கி, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்ச நிற்கும். வேறு பறவை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அந்தக் கோலத்தையும் எடுங்கள், அப்படி எடுப்பவர்கள் குறைவு.

மற்ற பறவைகளுக்கு ஆழமில்லாத மண்சட்டியில், இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் போதும். கொசு முட்டையிடும், அதனால் தினமும் மாற்றுங்கள். பூனை பதுங்க இடமில்லாத திறந்த தரையில், ஆனால் பறவை பறந்து ஒளிய ஒரு மரம் எட்டும் தூரத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு காய்ந்த முருங்கைக் கம்பை நட்டுவையுங்கள். கொண்டைக்குருவியும் கரிச்சானும் நேராகத் தண்ணீரில் இறங்காமல் முதலில் அதில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும், உங்கள் படம் அங்கேதான். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து ஒரே கலாட்டா செய்யும். குட்டி ஸ்டூல் போட்டு, லென்ஸை அவற்றின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். முழங்கால் வலிக்கு ஸ்டூல் ஒத்துவராவிட்டால் ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் உட்காரலாம், சட்டியைக் கொஞ்சம் உயரத்தில் வைத்துவிட்டால் போயிற்று.

பெரிய லென்ஸ் இப்போது வேண்டாம். திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், தானே பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கேமராவோடு, கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளை எடுத்தவர். ஆனால் விலங்கின் போக்கை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் மிகக் கொஞ்சம். தினமும் வந்து பழகிய பறவைக்கு 300 தாராளம்.

பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் சில ஆண்டுகளாக இருக்கிறது. கொல்லையில் 15 நிமிடம் உட்கார்ந்து பார்த்ததை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தாலே சேர்த்துக்கொள்வார்கள். நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து செய்யுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் இப்போதைக்கு எங்கும் எழுத வேண்டாம், அந்த நண்பரிடமும்கூட. வாழை இலைப் படம் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்