வெப் டிசைன், டிஜிட்டல் மீடியா டிப்ளமோ சேரலாமா, இல்ல யூட்யூப் பார்த்தே கத்துக்கலாமா?

மௌல்மீன்லேர்ந்து கேட்டிருக்கீங்க தம்பி, பத்தாவது முடிச்சாச்சு, அண்ணன் யூட்யூப் போதும்ங்கறாரு, அம்மா சர்ட்டிஃபிகேட் வேணும்ங்கறாங்கன்னு. நான் ரங்கூன்ல ஒரு பிரைவேட் இன்ஸ்டிட்யூட்ல 2017 கடைசில சேர்ந்து 2019 கடைசில முடிச்சேன், பேரு வேணாம். என்னை கேட்டா சேருங்க, ஆனா சாஃப்ட்வேர் கத்துக்கறதுக்குன்னு சேராதீங்க.

ஏன்னா சாஃப்ட்வேர் விஷயத்துல உங்க அண்ணன் சொல்றதுதான் சரி. எங்களுக்கு முதல் செமஸ்டர்லயே ஃபிளாஷ்னு, வெப் பக்கத்துல படத்தை அசைய வெக்கற சாஃப்ட்வேர், அதுல ஒரு பேப்பர். அந்த வருஷம் ஜூலைலயே அடோபி 2020 முடிவோட ஃபிளாஷை நிறுத்தறோம்னு அறிவிச்சிடுச்சு, அது தெரிஞ்சும் நாங்க உக்காந்து ஸ்கிரீன்ல ஒரு பந்தை குதிக்க விட்டு மார்க் வாங்கினோம். பக்கத்தை பத்தி பத்தியா பிரிக்க ஃப்ளோட்ங்கற பழைய முறையைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க, ஒரு டப்பாவை இடதுபக்கம் தள்ளினா அடுத்தது கீழ விழும், அதை தூக்கி வெக்க ஒரு வித்தை, அந்த வித்தைக்கு இன்னொரு வித்தை. பக்கத்தை நேரா கட்டம் கட்டமா பிரிக்கற கிரிட்னு ஒண்ணு 2017 மார்ச்லயே குரோம்லயும் ஃபயர்ஃபாக்ஸ்லயும் வந்தாச்சுன்னு யாரும் வாயே திறக்கல, நானா தேடி கண்டுபிடிச்சேன். சயாமாவை, அதான் டீச்சரை, குத்தம் சொல்ல மாட்டேன், சிலபஸ் எங்கேயோ வெளிநாட்டுல எழுதினது, வந்து சேர்றதுக்குள்ள பழசாயிடுது.

ஆனா அதே சயாமாகிட்ட ஒரு பழக்கம் இருந்துச்சு, அதுக்காகவே ஃபீஸ் கட்டலாம். வெள்ளிக்கிழமை ஆனா எதிர் டீக்கடை பையன் டீ கொண்டு வருவான், அவனை நிறுத்தி நாங்க செஞ்ச சைட்டை போன்ல திறந்து குடுத்து "கடை போன் நம்பர் எங்க இருக்கு, பார்த்து சொல்லு"ம்பாங்க. நாங்க யாரும் பேசக்கூடாது. என் டிசைனை அவன் மேலயும் கீழயும் ஒரு நிமிஷம் தள்ளிட்டு, நான் அழகா வெச்சிருந்த மூணு கோடு மெனுவை ஏதோ டிசைன்னு நெனச்சு தொடவே இல்ல, போனை திருப்பி குடுத்துட்டு போயிட்டான். அன்னைக்கு வீட்டுக்கு போய் நம்பரை மேலயே பெருசா போட்டேன். இங்க முக்கால்வாசி பேரு கம்ப்யூட்டரே பார்க்காம நேரா போனுக்கு வந்தவங்கதானே, 2014ல ஊரிடூ, டெலினார்னு ரெண்டு வெளிநாட்டு போன் கம்பெனி வந்து சிம் 1500 கியாட்டுக்கு குடுத்த பிறகுதான் எங்க தெருவுக்கே நெட்டு வந்துச்சு.

இன்னொண்ணு ஃபைனல் புராஜெக்ட். நெஜமான ஆளுக்கு நெஜமான சைட் செய்யணும்னு ரூல். பெரியப்பா எங்க கோயில் கமிட்டில பொருளாளர், அதனால தீமிதி திருவிழாவுக்கு ஒரு சைட், தமிழ், பர்மிஸ், இங்கிலீஷ் மூணுலயும். சுலபம்னு நெனச்சேன்! பர்மிஸ் நோட்டீஸ் ஜாவ்ஜிங்கற பழைய பர்மிஸ் ஃபான்ட்ல வந்துச்சு, தமிழ் நோட்டீஸ் பிரஸ்ல பாமினில அடிச்சது, அது இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல தமிழ் வடிவத்தை வெச்ச பழைய ஃபான்ட். தமிழை காப்பி பண்ணி ஒட்டினா 'அம்மா' இருக்கவேண்டிய இடத்துல எம், கே, செமிகோலன், கே, ஹெச்னு இங்கிலீஷ் எழுத்து வரிசையா நிக்குது. பெரியப்பா எட்டிப் பார்த்துட்டு "என்னம்மா இது, அம்மனை வெள்ளக்காரி ஆக்கிட்டியே"ன்னாரு.

இங்கதான் எனக்கு மண்டைல பல்பு எரிஞ்சுச்சு. நாம 'கெ' எழுதும்போது கொம்பு முன்னாடி தெரியுது, ஆனா எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்கற பொது முறையான யூனிகோட்ல க முதல்ல, கொம்பு அப்புறம்தான் பதிவாகும், பாமினில கண்ணுக்கு தெரியற வரிசைலயே கொம்பைத்தான் முதல்ல அடிக்கணும். பர்மிஸ்ல தவேத்தோன்னு நம்ம கொம்பு மாதிரியே ஒண்ணு இருக்கு இல்லையா, ஜாவ்ஜிலயும் அதே கதைதான், முதல்ல அதை அடிக்கணும், யூனிகோட்ல பின்னாடி. போதாததுக்கு உங்க ஊர் மோன் மொழி எழுத்துக்கு யூனிகோட்ல ஒதுக்கின இடத்தையெல்லாம் ஜாவ்ஜி பர்மிஸுக்குன்னு எடுத்துக்கிச்சு, ஷான், கரென் எழுத்துக்கும் அதே கதிதான். கூகுளோட மியான்மர் டூல்ஸை வெச்சு எது ஜாவ்ஜி எது யூனிகோட்னு பிரிச்சேன், பர்மிஸை ராபிட் கன்வெர்ட்டர்ல மாத்தினேன், தமிழை மூணு ராத்திரி உக்காந்து திரும்ப டைப் பண்ணேன், நடுவுல ரெண்டு தடவ கரண்ட் கட் வேற.

அதுக்கப்புறமும் முடியல. பேனர் செய்ய ஃபோட்டோஷாப்ல 'கோயில்'னு போட்டா கொம்பு பிரிஞ்சு புள்ளி வட்டத்தோட தனியா நிக்குது, பிரிஃபரன்ஸ்ல டைப்ங்கற இடத்துல போய் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு மாத்தின பிறகுதான் அப்போ ஒழுங்கா வந்துச்சு, இதை ரெண்டு வருஷத்துல ஒரு கிளாஸ்லயும் சொல்லல. பர்மிஸ்ல எழுத்துக்கு மேலயும் கீழயும் குறி வரும், எழுத்துக்கு கீழ எழுத்தும் அடுக்கும், அதனால இங்கிலீஷுக்கு வெச்ச லைன் ஹைட், அதாவது வரியோட உயரம், 1.2ல வரியும் வரியும் முட்டிக்கும், 1.8 குடுத்தேன். வார்த்தைக்கு நடுவுல ஸ்பேஸ் விடற வழக்கமும் பர்மிஸ்ல கிடையாது, பழைய போன்ல வரி எங்க உடையணும்னு தெரியாம ஸ்கிரீனை தாண்டி ஓடுச்சு, கண்ணுக்கு தெரியாத ஜீரோ விட்த் ஸ்பேஸை அங்கங்க நானே நுழைச்சேன். தமிழ் கதை வேற, இங்கிலீஷ் பட்டன்ல அடக்கமா உக்கார்ற வார்த்தை தமிழ்ல 'பதிவுசெய்துகொள்ளவும்'னு பட்டனை விட்டு வெளிய தொங்கும். 'பதிவு'ன்னு மட்டும் போட்டேன், கமிட்டில ஒருத்தர் மரியாதையா இல்லைன்னு கோவிச்சுக்கிட்டாரு, போகட்டும்.

நான் சப்மிட் பண்ணி கொஞ்ச நாள்ல, 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடே அதிகாரபூர்வமா யூனிகோடுக்கு மாறுச்சு. கிளாஸ்ல பாதி பேரோட சைட் ஜாவ்ஜில இருந்துச்சு, புது போன்ல திறந்தா எழுத்தெல்லாம் கலைஞ்சு கெடந்துச்சு, என்கிட்ட வந்து நின்னாங்க. எனக்கு முதல் சம்பளம் அந்த மாத்தற வேலைலதான் கெடச்சுது. இன்டர்வியூல சர்ட்டிஃபிகேட்டை ஒரு தடவ பார்த்துட்டு மடிச்சு வெச்சுட்டாங்க, கோயில் சைட்டை மட்டும் அவங்க போன்லயே திறந்து அரைமணி நேரம் கேள்வி கேட்டாங்க.

அதனால எங்க சேர்றதா இருந்தாலும் முன்பணம் கட்றதுக்கு முன்னாடி, போன வருஷ பசங்க செஞ்ச ஃபைனல் புராஜெக்ட் ரெண்டு மூணு காட்டுங்கன்னு கேளுங்க. காட்டலைன்னா திரும்பிப் பார்க்காம வந்துடுங்க. காட்டினா உங்க போன்லயே, வைஃபை இல்லாம திறந்து பாருங்க, முடிஞ்சா அம்மா கைல குடுங்க. லேப்டாப் புதுசு வேணாம், 8 ஜிபி ரேம் உள்ள பழசு போதும், பேட்டரி மட்டும் நல்லா நிக்கணும். வீடியோ எடிட்டிங் பேப்பரும் வரும், அதுக்கு மட்டும் காலேஜ் லேப்ல உக்காந்துக்கோங்க.

பெரியப்பா இன்னைக்கும் நோட்டீஸை பாமினிலதான் அனுப்பறாரு.