கேளுங்க சொல்றேன்: காவிரிக்கு வாங்க, கார விட்டுட்டு வாங்க

பொங்கல் லீவுக்கு தஞ்சாவூர் பக்கம் நாலு நாள் வரலாம்னு இருக்கோம். நான், மனைவி, எட்டாவது படிக்கிற பையன். பையன் ஸ்கூல்ல சுற்றுச்சூழல் பாடம் படிச்சுட்டு வந்து 'கார்ல போகக்கூடாதுப்பா'ங்குறான். கார் இல்லாம டெல்டாவுல சுத்த முடியுமா?
- சென்னை வாசகர்

பையன் சரியாத்தான் சொல்றான் சார். சென்னையிலேர்ந்து தஞ்சாவூர் சுமாரா 340 கிலோமீட்டர், போக வர 680. லிட்டருக்கு 15 கொடுக்குற வண்டின்னா 45 லிட்டர் பெட்ரோல், ஒரு லிட்டர் எரிஞ்சா சுமாரா 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக நூறு கிலோவுக்கு மேல. (முக்கால் கிலோ எடை இருக்குற பெட்ரோல் எப்படி 2.3 கிலோ புகை ஆகுதுன்னு பையன் கேப்பான், எரியுறப்ப காத்துல இருக்குற ஆக்சிஜனும் சேர்ந்துக்குதுன்னு சொல்லுங்க.) இங்க வந்து ஊர் சுத்துறது இந்தக் கணக்குல வரல. கார்ல அஞ்சு பேர் நெருக்கி உக்காந்து வந்தா தலைக்கு இருபது கிலோதான், அது தேவலாம். மூணு பேருக்கு பெரிய வண்டி எடுக்குறதுதான் உறுத்துது.

ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏறுனா காலையில தஞ்சாவூர், மன்னை எக்ஸ்பிரஸ்ல ஏறுனா மன்னார்குடி. என்னைக் கேட்டா பகல்ல வர்ற சோழன்லதான் வரச் சொல்வேன், கொள்ளிடம் பாலம் தாண்டுனதுக்கப்பறம் ஜன்னல விட்டு நகர மாட்டீங்க, ஜனவரின்னா சம்பா கதிர் சாஞ்சு கெடக்கும், மாயவரம் கும்பகோணம்னு வரிசையா வரும். ஆனா பொங்கலுக்கு டிக்கெட் அறுபது நாளைக்கு முன்னாடியே ஓபன் ஆகும், அன்னைக்கு காலையில எட்டு மணிக்கு கையில போனோட உக்காரலன்னா அப்பறம் வெயிட்டிங் லிஸ்ட்தான், என்னைத் திட்டக்கூடாது.

வந்த பிறகு? நாலு நாளும் ஒரே ஊர்ல தங்குங்க, தினம் ஒரு ஊர் மாத்தாதீங்க. பெரிய கோயிலுக்கு நடந்தே போலாம், தாராசுரத்துக்கு கும்பகோணத்துலேர்ந்து டவுன் பஸ், மேடம் சாதாரண கட்டண டவுன் பஸ்ல ஏறுனா டிக்கெட்டுக்கு காசே கிடையாது. மன்னார்குடி பஸ்ல ஏறி வடுவூர்ல இறங்குங்க, 2022ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்த ஏரி, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைன்னு அர்த்தம். ஜனவரியில தண்ணியும் இருக்கும் பறவையும் இருக்கும். இதே ஏரிய சித்திரையில வந்து பார்த்துட்டு 'ஒண்ணுமே இல்ல'ன்னு சொல்றவங்க இருக்காங்க, காவிரித் தண்ணிய நம்பி இருக்குற பாசன ஏரி, மேட்டூர் திறந்தாத்தானே நெறையும். ஜூன் 12ன்னு வழக்கமா ஒரு தேதி வச்சிருக்காங்க, அதுவும் அணையில தண்ணி இருந்தாத்தான்.

பையனுக்கு இன்னும் ஆசை இருந்தா கோடியக்கரை, கடலோரத்துல இருக்குற சரணாலயம். திருத்துறைப்பூண்டியிலேர்ந்து கோடியக்கரைக்குப் பக்கத்துல உள்ள அகஸ்தியம்பள்ளிக்கு 2023லேர்ந்து ரயில் ஓடுது, நேரம் மட்டும் முன்னாடியே பாத்துக்குங்க. போற வழியெல்லாம் உப்பளம். 1930ல ராஜாஜியோட திருச்சியிலேர்ந்து வேதாரண்யத்துக்கு நடந்தே வந்து உப்பு அள்ளுனாங்களே அந்த இடம்தான், அவங்க பயணத்துல சொட்டு பெட்ரோல் கிடையாது! வெளிமான் பாக்கலாம், பூநாரை பாக்கலாம். பூநாரை பறந்தா போட்டோ நல்லா வரும்னு கிட்டப் போய் கையத் தட்டி கிளப்பி விடுறாங்க, அது தயவுசெஞ்சு வேணாம். எங்கேர்ந்தோ பறந்து வந்து எரை தின்னுட்டு இருக்குறது, ஒவ்வொரு தடவ கெளம்புறப்பவும் தின்னதெல்லாம் வீணாப்போகும். குரங்குக்கு பிஸ்கட் போடுறதும் வேணாம்.

'ஈகோ ரிசார்ட்'னு, அதாவது சுற்றுச்சூழலக் கெடுக்காத விடுதின்னு போர்டு போட்டிருக்காங்களே, நம்பலாமா?
- திருச்சி வாசகி

கூரை கீத்துல இருந்தா ஈகோன்னு நெனச்சுக்குறாங்க தங்கச்சி. போன வருஷம் கடலோரமா அப்படி ஒண்ணுல ரெண்டு நாள் தங்குனேன், பேர் வேணாம். மூங்கில் ஸ்ட்ரா குடுத்தாங்க, சணல் பை குடுத்தாங்க, பின்னாடி நீச்சல் குளத்துக்கு காலையிலேர்ந்து போர் மோட்டார் ஓடிக்கிட்டே இருந்துது. கடலோரத்துல நல்ல தண்ணிங்குறது உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசா மிதக்குற ஒரு படிவு மாதிரிதான், மேல உள்ளத உறிய உறிய அடியில உள்ள உப்பு ஏறி வரும், அப்பறம் பக்கத்து வீட்டு அடிபம்புல வாய் வைக்க முடியாது. அதனால புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு மூணே கேள்வி கேளுங்க: தண்ணி எங்கேர்ந்து எடுக்குறீங்க, கழிவுத் தண்ணி எங்க போகுது, குப்பைய யார் அள்ளுறாங்க. பதில் சொல்ல முடியாம 'மேனேஜர் வரட்டும் மேடம்'னா வேற இடம் பாருங்க. எனக்கு புடிச்சது டவுனுக்குள்ள இருக்குற பழைய சின்ன லாட்ஜ்தான், பக்கெட்ல குளிக்கலாம், கீழ இறங்குனா பஸ் ஸ்டாண்டு.

மே மாசம் நாகப்பட்டினம் போறோம். உள்ளூர் மீன் சாப்பிட்டா நல்லதுதானே?
- சேலம் வாசகர்

நல்லதுதான், ஆனா நீங்க போற நேரம் தப்பு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரையில விசைப்படகுக்கு தடைக்காலம், 61 நாள். அந்த நேரத்துல தட்டுல விழுற பெரிய வஞ்சிரம் பெரும்பாலும் வேற எங்கேயோ புடிச்சு ஐஸ் போட்டு வண்டியில வந்ததுதான். நாட்டுப் படகுக்காரங்க கரைக்குப் பக்கத்துல புடிச்சுட்டு வர்ற பொடி மீன் கெடைச்சா அதக் கேட்டு வாங்கி சாப்பிடுங்க.

ஃப்ளைட்ல டூர் போய்ட்டு வந்து ஒரு மரக்கன்னு நட்டா கணக்கு சரியாயிடும்தானே?
- தஞ்சாவூர் வாசகர்

இல்ல. புகை இன்னைக்கே வந்துருது, கன்னு மரமாகி அதக் குடிக்க எத்தனையோ வருஷம் ஆகும், அதுவரைக்கும் ஆடு மேயாம இருக்கணும். நடுங்க, ஆனா கணக்குல எழுதாதீங்க.

மாமியார் ஒரே நாள்ல ஒம்போது நவகிரக கோயிலும் பாக்கணும்ங்குறாங்க. வேன் பேசியாச்சு. இதுலயும் சுற்றுச்சூழல் பாக்கணுமா?
- கும்பகோணம் வாசகி

வேன் நெறைய ஆள் இருந்தா ஒண்ணும் தப்பில்லம்மா. அரசு போக்குவரத்துக் கழகமே 2024ல கும்பகோணத்துலேர்ந்து நவகிரக சிறப்பு பஸ் விட்டுச்சு, அதையும் விசாரிச்சுப் பாருங்க. என் வருத்தம் வேற. எங்க சித்தப்பா குடும்பம் விடியக்காலம் கெளம்பி ஒரே நாள்ல ஒம்போதையும் முடிச்சுட்டு வந்தாங்க, கஞ்சனூர் எது சூரியனார்கோயில் எதுன்னு கேட்டா முழிக்கிறாங்க. நீங்க உள்ளூர்க்காரங்க, ஒரு ஞாயித்துக்கிழமை திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடின்னு பக்கத்துல உள்ளத பஸ்லயே முடிக்கலாம். இன்னொரு நாள் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், வைத்தீஸ்வரன்கோயிலுக்கு ரயிலே நிக்குது.

திருநள்ளாறுதான் முக்கியம். நளதீர்த்தத்துல முழுகிட்டு உடுத்துன துணிய அங்கேயே விட்டா சனி விடும்னு கொளத்துலயும் படியிலயும் துணியப் போட்டுட்டு வந்துடுறாங்க. பாலியஸ்டர் புடவை மக்கவா போகுது? மாமியார்ட்ட நேரா சொன்னா சண்டைதான் வரும், நம்பிக்கை விஷயம். முழுகிட்டு மாத்துற துணி பருத்தியா இருக்கட்டும், அத கொளத்துல போடாம அங்க துணி போடன்னு வச்சிருக்குற இடத்துல போடச் சொல்லுங்க, இல்லன்னா ஒரு பையில கட்டி எடுத்துட்டு வாங்க. எங்க அம்மாவும் மொதல்ல மொறைச்சாங்க, அப்பறம் 'கொளம் சுத்தமா இருந்தா சனீஸ்வரனுக்கும் நல்லதுதான்'னு அவங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டாங்க.

திங்களூர் மட்டும் தனியா அந்தப் பக்கம் கெடக்கு, அத கடைசியா வச்சுக்குங்க, திரும்புறப்ப திருவையாறுல அசோகா அல்வா வாங்கலாம். எவர்சில்வர் டப்பா எடுத்துட்டு போங்க, சூடா போட்டுக் குடுப்பாங்க.