இடது கையைப் பார்த்தீர்களா?

கேள்வி: நியூ ஜெர்ஸியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் நண்பர் வட்டத்துக்கு அமெரிக்கக் கால்பந்து, அதிலும் ஜயன்ட்ஸ் அணியின் ஆட்டம்தான். எந்த அணியானாலும் சரி, இளம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஒருவர் நாலு தடவை பந்தை நழுவவிட்டால் போதும், "இன்னொரு டேனியல் ஜோன்ஸ்" என்று, பந்தை நழுவவிட்டே பெயர் கெட்ட பழைய ஜயன்ட்ஸ் குவார்ட்டர்பேக்கின் முத்திரையைக் குத்திவிடுகிறார்கள். கை சின்னது என்கிறார் ஒருவர். அவரைக் காக்க முன்னால் நிற்கிற தடுப்பு வரிசையான லைன் ஓட்டை என்கிறார் இன்னொருவர். மூன்றாமவரோ, பையன் பயந்தாங்கொள்ளி, இரண்டு ஆட்டம் பெஞ்சில் உட்காரவைத்தால் தானாகத் திருந்துவான் என்கிறார். யார் சொல்வது சரி?
ஒரு வாசகர், எடிசன்

பதில்: மூன்று பேரும் பந்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பந்து எங்கே போனது என்று பார்த்தால் கோபம்தான் வரும். ஏன் போனது என்று தெரிய வேண்டுமானால், வலக்கைக்காரரின் இடது கையைப் பார்க்க வேண்டும்.

கை சின்னது என்பவரை முதலில் அனுப்பிவிடுவோம். என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக்கின் தேர்வு முகாமில் கையை விரிக்கச் சொல்லி, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளப்பார்கள். டேனியல் ஜோன்ஸுக்கு 9.75 அங்குலம். நட்சத்திர குவார்ட்டர்பேக்குகளான பாட்ரிக் மஹோம்ஸுக்கு 9.25, ஜோ பர்ரோவுக்கு 9 அங்குலம்தான். இந்த மூவரில் பெரிய கைக்காரர்தான் 2019-இல், தன் முதல் சீசனில், 13 ஆட்டங்களில் 18 ஃபம்பிள் செய்தார், அதாவது 18 முறை பந்தை நழுவவிட்டார். மழையிலும் டிசம்பர் குளிரிலும் தோல் பந்து வழுக்கும்போது கையளவுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அதற்கு மேல் அந்த அளவுகோலை நம்பிச் சண்டை போட வேண்டாம்.

அந்த 18-ஐக் கவனியுங்கள். ரசிகர்கள் பெரும்பாலும் எதிரணிக்குப் போன 11-ஐ மட்டும் சொல்லித் திட்டுவார்கள். கீழே விழுந்த முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பது பூவா தலையா போட்ட கதை. பாதிக்குப் பாதி சொந்த அணியே அள்ளிக்கொள்ளும். ஆகவே நழுவிய மொத்தத்தை எண்ணுங்கள். பறிபோனதை எண்ணினால் அதிர்ஷ்டத்தைத்தான் எண்ணுவீர்கள். இன்னொன்று, லைனின் நடுவில் நிற்கிற சென்டரிடமிருந்து பந்து கைமாறும்போது தடுமாறினாலும் அது பெரும்பாலும் குவார்ட்டர்பேக் கணக்கில்தான் ஏறும். அந்தத் தடுமாற்றத்துக்கு மருந்து வேறு. இதே ஜயன்ட்ஸில் 2001-இல் கெர்ரி காலின்ஸ் ஒரே சீசனில் 23 ஃபம்பிள் செய்தார். அதற்கு முந்தைய சீசனில் அணியை இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை கூட்டிப்போனவரும் அவரேதான்.

இப்போது இடது கைக்கு வருவோம். ஸ்னாப் (சென்டர் பின்னால் தருகிற பந்து) வாங்கிப் பின்வாங்கும் குவார்ட்டர்பேக்கிடம் பந்து மார்பு உயரத்தில், வலது தோளை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கையும் பந்தின் மேல், முழங்கைகள் விலாவை விட்டு அகலாமல். எறிய முடிவெடுத்த கணத்தில்தான் இடது கை பிரியலாம். பழகாதவர் என்ன செய்கிறார்? பக்கவாட்டில் ஆள் வருவது தெரிந்ததும் நிலை தடுமாறாமலிருக்க இடது கையை விரிக்கிறார், அல்லது அதே கையால் ஆளைத் தள்ளப் பார்க்கிறார். அந்த நொடியில் பந்து ஒற்றைக் கையில், இடுப்பளவில் ஊசலாடும். பின்னாலிருந்து வருகிறவருக்கு உடம்பைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. முன்னங்கையில் கத்தி மாதிரி ஒரு வெட்டு போதும்.

எறிகிற பாணியிலும் கோளாறு இருக்கும். சிலருக்குப் பந்து மார்பிலிருந்து நேராகக் காதோரம் ஏறாது. இடுப்புவரை இறங்கி, முதுகுப்பக்கம் ஒரு வளையம் போட்டு, அப்புறம்தான் மேலே வரும். கல்லூரியில் அந்த வளையத்துக்கு நேரம் கிடைத்தது. இங்கே கிடைக்காது. கை முன்னோக்கி நகரத் தொடங்கிய பிறகு பந்து தட்டிவிடப்பட்டால் அது வெறும் பூர்த்தியாகாத பாஸ். அதற்கு முன்னால் தட்டுப்பட்டால் ஃபம்பிள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த வளையம்தான்.

பறிப்பதையே தொழிலாகப் படித்தவர்கள் எதிரில் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சிகாகோ பேர்ஸின் சார்ல்ஸ் டில்மன் ஆளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கை முஷ்டியால் பந்தைக் குத்தியே 2012-இல் 10 ஃபம்பிள் வரவழைத்தார். ஜோன்ஸுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 2019 நவம்பரில் ஜெட்ஸுடன் ஆடியபோது ஜமால் ஆடம்ஸ் உள்ளே புகுந்து, குழந்தை கையிலிருந்து தின்பண்டத்தைப் பிடுங்குவதுபோல் அவர் கைப்பந்தைப் பிடுங்கிக்கொண்டு 25 யார்டு ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். ஆட்டம் 34-27 என்று போயிற்று. வித்தியாசம் அந்த ஒரே டச்டவுன்.

லைன்தான் காரணம் என்பவருக்கு: ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். ஜயன்ட்ஸின் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது; அந்த சீசனில் ஜோன்ஸ் 38 முறை சாக் ஆனார், அதாவது எறியுமுன்பே வீழ்த்தப்பட்டார். ஆனால் கூடத்தைக் கோணலாக்குவதில் ஆடுபவருக்கும் பங்கு உண்டு. ஷாட்கன் என்கிற அமைப்பில் குவார்ட்டர்பேக் சென்டருக்குப் பின்னால் சுமார் 5 யார்டில் நின்று பந்தை வாங்கி, மூன்று எட்டு பின்வாங்கினால் 7, 8 யார்டு ஆழம் வரும். ஓரத்திலிருந்து பாய்கிறவரை, லைனின் இடது ஓரத்தில் நிற்கிற லெஃப்ட் டேக்கிள் வளைத்துத் தள்ளிக்கொண்டு போவது இந்த ஆழத்தை மனதில் வைத்துத்தான். அங்கிருந்து ஓரிரு எட்டு முன்னே வைத்தால், பாய்ந்து வருகிறவர் முதுகுக்குப் பின்னால் வெறுங்கையோடு போய்விடுவார். பயிற்சி போதாத பையன் அழுத்தம் வந்ததும் பின்னாலேயே நகர்ந்து 10 யார்டுக்குப் போய் நிற்பார். டேக்கிள் தள்ளிவிட்ட ஆள் நேராக அவர்மேலேயே வந்து விழுவார். தொலைக்காட்சியில் பார்க்கிறவருக்கு டேக்கிள் கோட்டைவிட்டதாகத்தான் தெரியும்.

நேரமும் சேர்ந்த கணக்குதான். ஸ்னாப்பிலிருந்து சுமார் இரண்டரை வினாடியில் பந்து கையை விட்டுப் போனால் பாதிச் சிக்கல் இல்லை. மூன்று தாண்டியும், பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களில் முதல் ஆளையே பார்த்துக்கொண்டு நின்றால் எந்த லைனாலும் காப்பாற்ற முடியாது.

பயந்தாங்கொள்ளி என்ற மூன்றாமவருக்குக் கொஞ்சம் சூடாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பயந்தவர் பந்தைச் சீக்கிரம் விட்டெறிவார், அல்லது வெளியே வீசுவார். ஃபம்பிள் பெரும்பாலும் எதிர்க்குணத்திலிருந்து வருகிறது. இன்னும் ஒரு வினாடி இருந்தால் அந்த நீள பாஸ் கிடைத்துவிடும் என்கிற பேராசை அது. பெஞ்சில் உட்கார்ந்தால் அது குறையாது. வாரத்துப் பயிற்சியில் பெரும்பங்கு முதல் ஆளுக்குத்தான் போகும். உட்கார்ந்தவருக்கு மிச்சம் மீதிதான். அதைவிடப் பெரிய விஷயம், பயிற்சியில் குவார்ட்டர்பேக்கை யாரும் தொடக்கூடாது. பல அணிகளில் சிவப்பு ஜெர்சி கொடுத்துவிடுவார்கள்: இவர்மேல் கை வைக்காதே என்று. வாரம் முழுக்க அடியே படாதவருக்கு முன்னங்கையில் முதல் வெட்டு விழுவது ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். இளம் ஆட்களின் இந்தக் குறை ஆட்டத்தில் மட்டும் வெளிப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அதனால்தான் பயிற்சியாளர்கள் செயற்கையாக அடிக்கிறார்கள். தரையில் மெத்தைப் பைகளை வரிசையாகப் போட்டு, அவற்றைத் தாண்டித் தாண்டி நகரச் சொல்லி, பின்னாலிருந்து பஞ்சு சுற்றிய கம்பாலோ கைத்திண்டாலோ முழங்கையிலும் பந்திலும் தட்டுவார்கள். இடது கை விரிந்தால் திரும்ப முதலிலிருந்து. பந்தைத் தண்ணீர் வாளியில் முக்கியெடுத்து ஈரத்தோடு எறியச் சொல்வதும் உண்டு.

இது பலிக்குமா என்றால், ஜயன்ட்ஸிலேயே பலித்திருக்கிறது, ஆனால் பந்தோடு ஓடுகிற ஓட்டக்காரரிடம். டிக்கி பார்பர் 2003-இல் 9 ஃபம்பிள் செய்தார். 2004-இல் டாம் காஃப்லின் தலைமைப் பயிற்சியாளராக வந்ததும் பந்தைத் தாங்குகிற விதத்தையே மாற்றினார்கள். முன்முனையை விரல்களால் கவ்வி, முன்னங்கை, மேற்கை, விலா மூன்றுக்கும் நடுவில் செங்குத்தாக, மார்போடு உயர்த்தி இறுக்கவேண்டும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடக்கிறவரைப் பாருங்கள். கை மட்டும் பிடிப்பதில்லை, உடம்பே பிடித்துக்கொள்ளும். 2005-இல் பார்பர் 1,860 யார்டு ஓடினார். ஃபம்பிள் ஒன்றே ஒன்று.

ஜோன்ஸும் திருந்தினார் என்பதை உங்கள் நண்பர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். 18 ஃபம்பிள் அடுத்தடுத்த சீசன்களில் 11, 7, 6 என்று இறங்கியது. இண்டர்செப்ஷனும் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்) 12, 10, 7, 5 என்று கூடவே இறங்கியது. (2020-இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக எதிரில் யாருமில்லாத மைதானத்தில் 80 யார்டு ஓடி, தானே கால் தடுக்கி விழுந்தார். அப்போதும் பந்து கையைவிட்டுப் போகவில்லை!) ஆனால் முதல் சீசனில் 24 டச்டவுன் பாஸ் எறிந்தவர் அடுத்த இரண்டு சீசன்களில் 11, 10 என்று சுருங்கிவிட்டார். பத்திரமாக விளையாடக் கற்றுக்கொண்டார். நீள பாஸ்களைக் கூடவே விட்டுவிட்டார். 2022-இல் 9 வெற்றியும் ஒரு பிளேஆஃப் வெற்றியும் வந்தன, 4 ஆண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தமும் வந்தது. 2024 நவம்பரில் அணி அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தது; பிறகு அவரே கேட்டுக்கொண்டதும் விடுவித்தது. அப்போது அவரை அனுப்பியதற்கு ஃபம்பிள் காரணமில்லை.

பக்கத்தில் பஃபலோவின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனை வைத்துப் பாருங்கள். 2018-இல் எறிந்த பாஸில் 52.8 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது, 2019-இல் 14 ஃபம்பிள். 2020-இல் 69.2 சதவீதம், 37 டச்டவுன். அதன் பிறகும் 2023-இல் 18 இண்டர்செப்ஷன் எறிந்தார். அடுத்த சீசனில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். பஃபலோவில் ஆலனின் தாக்குதல் ஆட்டத்துக்குப் பயிற்சியாளராக இருந்த பிரையன் டேபல்தான் 2022-இல் ஜயன்ட்ஸுக்கு வந்து ஜோன்ஸைக் கையிலெடுத்தவர். ஒரே வாத்தியார்தான். ஒருவரிடம் துணிச்சலைக் கெடுக்காமல் கையைத் திருத்த முடிந்தது. மற்றவரிடம் கை திருந்தி வந்தபோது துணிச்சல் மெலிந்திருந்தது. என்னைக் கேட்டால் இளம் குவார்ட்டர்பேக் விஷயத்தில் சண்டை போட வேண்டிய இடம் இதுதான்: நழுவல் குறைகிறபோது 20 யார்டு தாண்டிய பாஸ்களும் குறைகின்றனவா? இரண்டும் சேர்ந்து குறைந்தால் கவலைப்படுங்கள்.

அடுத்த ஞாயிறு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபம்பிளுக்கும் மறு ஒளிபரப்பைப் பார்த்து மூன்று விஷயம் குறித்தால் போதும்: ஸ்னாப்பிலிருந்து எத்தனை வினாடி, எத்தனை யார்டு ஆழம், இடது கை எங்கே. இரண்டு வினாடிக்குள் தடுப்பாரின்றி ஆள் வந்து மோதியிருந்தால் லைன் கணக்கில் எழுதுங்கள். மூன்று தாண்டியிருந்தாலோ, 10 யார்டு ஆழத்தில் நின்றிருந்தாலோ, கை விரிந்திருந்தாலோ பையன் கணக்கில். ஓடும்போது நழுவியது தனி வரிசை. பந்து ஓரக்கோட்டுப் பக்கத்துக் கையில் இருந்ததா, மோதுவதற்கு முன் காலை நீட்டிச் சறுக்கியிருக்கலாமா என்று மட்டும் பாருங்கள். ஆறு வாரத் தாள் சேர்ந்த பிறகு விவாதத்தை வைத்துக்கொள்ளலாம். எழுதுகிற பொறுப்பை மூன்றாவது நண்பரிடம் கொடுங்கள். கை வேலையாக இருந்தால் வாய் கொஞ்சம் ஓயும்.