Re: சிம்ப்ஸன்ஸ் தீம் கீபோர்டுல வாசிச்சா ஏதோ பஜனை பாட்டு மாதிரி வருது

நண்பரே, சி மேஜர்ல வெறும் வெள்ளக் கட்டையிலயே வாசிக்கறேன்னு எழுதிருக்கீங்கல்ல, சிக்கலே அங்கதான் இருக்கு. 'தி சிம்ப்ஸன்ஸ்'ங்கற அமெரிக்க கார்ட்டூன் சீரியலுக்கு இசையமைப்பாளர் டேனி எல்ஃப்மேன் 1989ல போட்ட இந்த தீம் மேஜர் ஸ்கேலே கிடையாது, லிடியன் டாமினன்ட்ங்கற ஸ்கேல், அதாவது வெறும் எஃப், பிக்கு பதிலா எஃப் ஷார்ப்பும் பி ஃப்ளாட்டும் (ரெண்டும் கறுப்புக் கட்டை) வரும். கர்நாடக சங்கீதம் பழக்கம்னா வாசஸ்பதி ராகத்தோட அதே ஏழு ஸ்வரம்தான், கல்யாணில நிஷாதத்த மட்டும் கீழ இறக்கிக்கிட்டா போதும்.

ஆரம்பத்துல மேகம் விலகறப்ப கோரஸ் "தி சிம்ப்ஸன்ஸ்"னு பாடுதே, அது சி, எஃப் ஷார்ப், ஜி, அந்த நடு ஸ்வரம் ஒரு மாதிரி உறுத்திட்டு அப்புறம் ஜில போய் உக்காரும் பாருங்க, மொத்த குறும்பும் அதுலதான். நீங்க அங்க வெறும் எஃப் அடிச்சா பஜனையாத்தான் போகும் 😄

அப்புறம் மெயின் டியூன் சி, இ, எஃப் ஷார்ப், ஏ, ஜி, இ, சி, ஏ, அதுக்கப்புறம் எஃப் ஷார்ப் மூணு தடவ, ஜி. மெதுவா வாசிச்சுப் பாருங்க. இடது கைல சும்மா சி மேஜர் புடிக்காம சி செவன்த் கார்டு (சி, இ, ஜி, பி ஃப்ளாட் சேர்த்து) புடிங்க, பி ஃப்ளாட் அதுலயே வந்துரும்.

தீம்ல அந்த சீரியல் பொண்ணு லிசா வாசிக்கற சாக்ஸஃபோன் பிட்ட இப்ப தொடாதீங்க, அது எபிசோடுக்கு எபிசோடு மாறும், நீங்க எத கேட்டு பழகுனீங்கன்னு சொன்னா அப்புறம் பாக்கலாம்.