கேம் கான்ஃபிக் கோப்பில் எழுதியவர் பெயர்: கேள்வி பதில்

வேளச்சேரியில் ஒரு கேமிங் சென்டரின் கணினிகளைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். விளையாட்டின் அமைப்புகளைச் சேமிக்கும் கான்ஃபிக் கோப்புகளில், எழுதியவர் பெயரைக் குறிப்பது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

பெரம்பூர், கல்லூரி மாணவர்: அண்ணா, கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 கான்ஃபிக் கோப்பின் தலையில் என் பெயரை எழுதினேன். மறுநாள் திறந்தால் காணவில்லை. யார் அழித்திருப்பார்கள்?

விளையாட்டுதான் அழித்தது, தம்பி. கோப்பைப் படிக்கும்போது, மனிதர்கள் படிக்க மட்டும் எழுதும் குறிப்பு வரிகளை அது தாண்டிப் போய்விடும். பிறகு தன் நினைவில் உள்ள அமைப்புகளை மட்டும் புதிதாக எழுதிவிடும். உங்கள் பெயர் அதன் நினைவில் ஏறவே இல்லை. அந்தக் கோப்பின் முதல் இரண்டு வரிகளை நிதானமாகப் படியுங்கள். 'அமைப்புகளை மாற்றும்போதெல்லாம் இந்தக் கோப்பு மேலெழுதப்படும், சொந்தமாகச் சேர்ப்பதை யூசர்கான்ஃபிக்கில் சேருங்கள்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். யூசர்கான்ஃபிக், ஆட்டோஎக்ஸெக் என்ற இரண்டு கோப்புகளையும் விளையாட்டு படிக்கும், எழுதாது. பெயர் அங்கேதான் தங்கும்.

மைன்கிராஃப்ட் சர்வரின் பிராப்பர்டீஸ் கோப்பிலும் இதே கதை. நீங்கள் எழுதிய குறிப்பு போய்விடும், தேதி வரி வந்து உட்காரும். எந்த விளையாட்டானாலும் ஓர் அமைப்பை மாற்றிவிட்டு வெளியே வந்து, கோப்பின் நேரம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறியிருந்தால் விளையாட்டு அதில் எழுதுகிறது என்று பொருள்.

அம்பத்தூர்: குறிப்பு வரிக்கு // போடுவதா, # போடுவதா, ; போடுவதா?

குவேக் என்ற பழைய விளையாட்டின் வழி வந்தவற்றுக்கு //, கவுண்டர் ஸ்ட்ரைக்கும் அதில் சேரும். பெயர் .ini என்று முடியும் ஐஎன்ஐ கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ;. பிராப்பர்டீஸுக்கு #. இதில் ஒரு பள்ளம் உண்டு. குவேக் குடும்பத்தில் அரைப்புள்ளி இரண்டு கட்டளைகளைப் பிரிக்கும் குறி. ஐஎன்ஐ பழக்கத்தில் அதைப் போட்டுப் பெயர் எழுதினால், விளையாட்டு உங்கள் பெயரையே கட்டளையாக ஓட்டிப் பார்த்துவிட்டு, 'தெரியாத கட்டளை' என்று கன்சோலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், சொல்லும். ஜேசன் (JSON) வகைக் கோப்புகளின் தரத்தில் குறிப்பு வரியே கிடையாது. ஃபேக்டோரியோ விளையாட்டுக்கு மற்றவர்கள் செய்யும் மோட்களின் (mod) ஜேசன் கோப்பில் எழுதியவருக்கென்றே ஒரு புலம் உண்டு, அதை நிரப்பியே ஆகவேண்டும். அப்படிப் புலம் இல்லாத இடத்தில் பக்கத்தில் ஓர் உரைக்கோப்பு வையுங்கள்.

மயிலாப்பூர்: சார், என் வரியை நீக்கிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். தடுக்க வழி உண்டா?

வெறும் உரைக்கோப்பில் தடுக்க முடியாது, அம்மா. கடினமாக்கலாம். உங்கள் ஊர்க் கபாலீச்சரத்தைப் பாடிய பூம்பாவைப் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தர் தம் பெயரைத் தலைப்பில் வைக்கவில்லை. கடைசிப் பாட்டுக்குள், யாப்போடு சேர்த்து வைத்தார். பெயரை உருவினால் பாட்டு உடையும்.

கோப்பிலும் அப்படிச் செய்யலாம். பல கட்டளைகளுக்குச் சேர்த்து நீங்கள் வைக்கும் குறும்பெயர்தான் ஏலியாஸ். நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு ஏலியாஸ் பெயருக்கும் உங்கள் பெயரின் மூன்று எழுத்தை முன்னொட்டாக வையுங்கள். அந்த ஏலியாஸை ஒரு விசையோடு இணைக்கும் பைண்டு வரிகளிலும் அதே எழுத்துகள் வரும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் விசை வேலை செய்யாது. விளையாட்டில் ஆயுதம் வாங்க நான் எழுதிய பை (buy) ஸ்கிரிப்ட் ஒன்று, வேறொருவர் பெயருடன் என் சென்டருக்கே திரும்பி வந்தது. தலையில் இருந்த நான்கு வரிகள் போயிருந்தன. உள்ளே 14 இடங்களில் என் மூன்றெழுத்து அப்படியே இருந்தது. கொண்டுவந்த பையனுக்குக் காட்டினேன். அவனே என் பெயரை மறுபடி தட்டச்சு செய்து சேமித்தான்.

தேடி மாற்றும் வசதி எல்லா எடிட்டரிலும் இருக்கிறது. பொறுமை உள்ளவர் இதையும் மாற்றிவிடுவார். ஆகவே தேதிக்குச் சாட்சி வேண்டும். கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளின் பதிவில் உள்ள பெயரையும் தேதியையும் எழுதுகிறவரே விருப்பப்படி வைக்க முடியும், அதை மட்டும் நம்பாதீர்கள். வெளியிடும் நாளிலேயே கோப்பை இரண்டு நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கோப்பைக் காட்ட விருப்பமில்லை என்றால் அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற 64 எழுத்துகளை, அனுப்பினால் போதும். ஒரு காற்புள்ளி மாறினாலும் மதிப்பு மாறிவிடும்.

தாம்பரம்: பெயரைத் தமிழில் எழுதலாமா? எனக்குக் கேள்விக்குறிகளாக வருகிறது.

தாராளமாக எழுதுங்கள். தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத பழைய ஏஎன்எஸ்ஐ முறையில் சேமித்ததால்தான் கேள்விக்குறி வந்தது, அந்த எழுத்துகள் இனி மீளாது. சேமிக்கும்போது யுடிஎஃப்-8 முறையைத் தேர்ந்தெடுங்கள், பிஓஎம் இல்லாததாக. பிஓஎம் என்பது கோப்பின் தலையில் ஒட்டும் 3 பைட்டுகள். அவை முன்னால் நின்றால் சில விளையாட்டுகளுக்கு முதல் வரி குறிப்பு என்றே தெரியாது. கன்சோலில் செய்தி காட்டும் எக்கோ கட்டளையில் மட்டும் ஆங்கில எழுத்து போடுங்கள், பழைய கன்சோல்களுக்குத் தமிழ் காட்டத் தெரியாது.

திருவல்லிக்கேணி: பாதிக் கோப்பு இன்னொருவருடையது. யார் பெயர் போடுவது?

இருவருடையதும். 1993-இல் டூம் என்ற விளையாட்டு வந்த பிறகு, அதற்கு லெவல் செய்தவர்கள் கூடவே ஓர் உரைக்கோப்பு வைக்கும் வழக்கம் வளர்ந்தது. எழுதியவர் யார், புதிதாகச் செய்ததா, எதை மாற்றிச் செய்தது, யாருக்கு நன்றி, இதன்மேல் மற்றவர்கள் கட்டலாமா என்று தனித்தனி இடம் அதில் உண்டு. அதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. பழைய பெயரைத் தொடாதீர்கள். அதன் கீழே உங்கள் பெயர், தேதி, நீங்கள் மாற்றியது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். மூலம் யாருடையது என்று தெரியாவிட்டால் அதையும் எழுதுங்கள்.

குரோம்பேட்டை: கான்ஃபிக் கோப்புக்குப் பதிப்புரிமை உண்டா?

1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. 57-ஆம் பிரிவு, படைப்பைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமையை எழுதியவருக்குத் தருகிறது. ஆனால் மவுஸ் வேக எண்ணையும் நான்கு பைண்டுகளையும் படைப்பு என்று வாதாடுவது கடினம். நீளமான ஸ்கிரிப்டுக்கு வாதம் உண்டு.

கொளத்தூர், ஒரு தாய்: என் மகனுக்கு 14 வயது. கோப்பில் முழுப்பெயர், பள்ளி, கைபேசி எண் எல்லாம் எழுதியிருக்கிறான்.

இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், அம்மா. புனைபெயரும் ஆண்டும் போதும். எப்போதும் ஒரே புனைபெயரைப் பயன்படுத்தினால் அடையாளம் தானே நிற்கும். அவன் சர்வர் நடத்துகிறான் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். சர்வர் கான்ஃபிக்கில், சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் ஆர்கான் (rcon) கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே இருக்கும். கோப்பை யாருக்காவது கொடுத்திருந்தால், அந்தக் கடவுச்சொல்லை இன்றிரவே மாற்றச் சொல்லுங்கள்.